ஏரிக்கரைக் கூடாரத்தின் ஈரம்: மூன்று பயணங்களின் கணக்கு

சென்ற வாரம் மலைக்காட்டு ஏரி ஒன்றின் முகாம் தளத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். இரண்டாம் இரவுக்குப் பிந்தைய காலையில் கூடாரத்தின் தரை முழுவதையும் ஸ்பாஞ்சால் ஒற்றி அளவுக் குவளையில் பிழிந்தபோது விழுந்த நீர் 20 மி.லி.க்கும் குறைவு. ஓராண்டுக்கு முன் இதே தளத்தில், இதே கூடாரத்தில், இதே ஸ்பாஞ்சைக் கொண்டு நான் பிழிந்து கொட்டியது 430 மி.லி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு பயணம் பாழாயிற்று, பொருந்தாத பசை ஒரு குழாய் வீணாயிற்று, ஏறத்தாழ இருபது மணி நேர வேலை நடந்தது. அந்த வேலையில் பாதிக்குத் தேவையே இருக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கூடாரம் இருவர் படுக்கக்கூடியது, பதினோரு ஆண்டுப் பழையது. வலைத்துணியாலான உள்கூடாரம், அதன்மேல் நைலான் மேல்துணி, இரண்டையும் தாங்க 8.5 மி.மீ. விட்டமுள்ள இரண்டு அலுமினியக் கழிகள். முளைகள், இழுகயிறுகள் எல்லாம் சேர்த்து எடை 2.3 கிலோ. மேல்துணியின் உட்பக்கத்திலும் தரைத்துணியின் உட்பக்கத்திலும் நீர் புகாமல் தடுக்கும் பாலியூரிதேன் பூச்சு உண்டு. முதல் பயணத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அதை வெளியே எடுக்கவே இல்லை. சரியாகக் காயாத நிலையில் இறுகச் சுருட்டி, பையில் திணித்து, அலமாரியின் மேல்தட்டில் போட்டு வைத்திருந்தேன். பின்னால் வந்த தொல்லைகளில் ஒரு பங்குக்கு விதை அங்கேதான் விழுந்தது.

முதல் பயணத்தில், கதவைத் திறந்தவுடன் நீர்ப்பரப்பு தெரிய வேண்டும் என்ற ஆசையில், கரையிலிருந்து எட்டு அடி எடுத்து வைக்கும் தூரத்தில் இருந்த ஒரு புல்தரையில் கூடாரம் அடித்தேன். இடம் பாய் விரித்தாற்போல் சமமாக இருந்தது. தரைத்துணி கிழியாமல் இருக்க அடியில் ஒரு தார்ப்பாயை விரித்தேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணி, கூடாரத்தின் நான்கு பக்கமும் 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதை அப்படியே விட்டுவிட்டேன். அன்றிரவு மூன்று மணி நேரம் மழை பெய்தது. விடியற்காலையில் கால்மாட்டில் சில்லென்று பட்டு விழித்தபோது உறக்கப்பையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது, உச்சித் தையலில் நீர்மணிகள் தொங்கின, மெத்தையைத் தூக்கினால் அதன் அடியிலும் ஈரம். கூரை ஒழுகுகிறது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தவறன்று, அரைகுறையானது. அரைகுறை முடிவு முழுத் தவறைவிட நாளை அதிகம் தின்றுவிடும் என்பதைப் பிறகு பட்டுத்தான் அறிந்தேன்.

வீட்டில் கூடாரத்தை விரித்துப் போட்டதும் மூக்கே முதல் சான்று சொல்லிவிட்டது. பாலியூரிதேன் பூச்சு ஈரத்தால் நாளடைவில் சிதையும். சிதையத் தொடங்கினால் துணி பிசுபிசுக்கும், புளித்த வாந்தி போன்ற நாற்றம் எழும். மேல்துணியின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ‘சர்’ரென்று ஓசை எழுப்பின. தையல்களின் மேல் ஆலையிலேயே ஒட்டப்பட்டிருந்த நாடா, நகத்தால் நெருடியவுடன் முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. மேல்துணித் தையல்களின் மொத்த நீளத்தை அளவு நாடாவால் அளந்தபோது 14.6 மீட்டர் இருந்தது. அதில் நாடா உறுதியாக ஒட்டியிருந்தது இரண்டு மீட்டருக்கும் குறைவு.

முதல் வேலை, பழையதை நீக்குவது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, பெரிய தொட்டியில் மேல்துணியை ஒரு மணி நேரம் ஊறப்போட்டு அலசினேன். காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பருத்தித் துணியில் நனைத்து, தையல் ஓரங்களைச் சாண் சாணாகத் துடைத்தேன். நாடாவின் பசை இளகி உருண்டை உருண்டையாக வந்தது. சிதைந்த பூச்சு, உப்புப் பூத்த சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்வதுபோல் வெள்ளைப் பொருக்காக உதிர்ந்தது. கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பு ஏதும் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்த இந்த வேலைக்கு மட்டும் ஆறு மணி நேரமும் 700 மி.லி. ஆல்கஹாலும் செலவாயின. தேய்ப்பதற்குப் பழைய பல்துலக்கியே போதும்; கம்பித் தூரிகையை ஓரிடத்தில் முயன்று பார்த்து நூலைப் பிசிறடித்துவிட்டேன்.

இரண்டாவது வேலையில் சறுக்கினேன். தையலடைக்கும் பசைகளில் சிலிக்கோன் வகை, பாலியூரிதேன் வகை என இரண்டு உண்டு. சிலிக்கோன் நீண்ட காலம் உழைக்கும் என்று எங்கோ படித்த நினைவில், துணியின் பூச்சு எது என்பதைக் கருதாமல் சிலிக்கோனை வாங்கி, கனிமக் கரைப்பானில் சற்று நெகிழ்த்தி, ஓர் அங்குலத் தூரிகையால் தையல் முழுவதும் பூசினேன். மறுநாள் பார்க்க அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள் துணியை மடித்தபோது ஒரு மூலையில் பசை தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்து இழுத்தால் பாம்புச் சட்டைபோல் ஒரே இழுப்பில் ஒன்றரை மீட்டர் வந்துவிட்டது. சிலிக்கோன் ஏறிய துணிக்குச் சிலிக்கோன், பாலியூரிதேன் பூசிய பக்கத்துக்குப் பாலியூரிதேன் என்பதே விதி. சிலிக்கோன் ஒருமுறை ஏறிய இடத்தில் பாலியூரிதேனும் பிடிக்க மறுக்கும் என்பதால், பூசியதை முழுவதும் சுரண்டி எடுக்க இன்னும் நான்கு மணி நேரம் போயிற்று. ஒரு மூலையில் விரற்கடை அகலத்துக்கு அது இன்றும் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே எந்தப் பசையும் நிற்பதில்லை. தையல் முழுவதிலும் கை வைப்பதற்கு முன் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு பூசி, ஒரு நாள் விட்டு உரித்துப் பார்த்திருந்தால் இதெல்லாம் மிஞ்சியிருக்கும்.

பாலியூரிதேன் பசையை ஊசியில்லாத மருந்துப் பீச்சியில் ஏற்றி, தையலின் மேல் மெல்லிய கோடாக விட்டு, தூரிகையின் முனையால் இருபுறமும் மூன்று மூன்று மி.மீ. பரவும்படி தேய்த்தேன். தடிமனாகப் போனால் காய்ந்தபின் மடிப்பில் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே நலம். முழுதும் காய ஒரு நாள் விட்டேன். காய்ந்த பிறகும் பசைக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை இருந்ததால், முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவித் தட்டிவிட்டேன். தரைத்துணியின் உட்பக்கத்தையும் விடாமல் உரித்து, முழுவதும் புதுப் பூச்சுப் பூசினேன். எடை 140 கிராம் கூடியது. இரண்டு வகைப் பசை, பூச்சு, ஆல்கஹால், தூரிகைகள் எல்லாம் சேர்த்து ஆன செலவு, இதே அளவில் ஒரு புதுக் கூடாரம் வாங்கும் விலையில் ஏழில் ஒரு பங்கு. வீணான சிலிக்கோனைக் கழித்தால் ஒன்பதில் ஒரு பங்கு.

சோதனைக்கு நான் செய்த ஒன்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடாரத்தை வெளியே அடித்து, ஒவ்வொரு தையலுக்கும் நேர் கீழே தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, தாள்களின் ஓரத்தில் எண் எழுதி வைத்தேன். பிறகு நீர்க்குழாயின் முனையில் பூவாளித் தலையைப் பொருத்தி இருபது நிமிடம் மேலிருந்து நீர் பொழியவிட்டேன். உள்ளே நுழைந்து பார்த்தபோது ஐந்தாம் தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரவட்டம், ஒன்பதாம் தாளில் மூன்று புள்ளிகள். அண்ணாந்து பார்த்தால், இரண்டும் நீளத் தையல்களுக்கு உரியவை அல்ல. இழுகயிற்றைக் கட்டும் காதுப்பட்டையைத் துணியோடு வைத்துத் தைத்திருந்த சின்னஞ்சிறு சதுரத் தையல்களே ஒழுகியிருந்தன. காற்றில் கயிறு இழுக்கும்போதெல்லாம் ஊசித் துளைகள் விரிவது அங்கேதான். அவற்றுக்கு உள்ளும் புறமும் பசை வைத்து மறுநாள் மீண்டும் பொழியவிட்டேன். பதினான்கு தாள்களும் காய்ந்தே இருந்தன. வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதிக் கோடும் போட்டேன்.

கழிகளுக்குள் ஓடும் மீள்கயிறு தொய்ந்திருந்ததால் அதையும் மாற்றினேன். 3 மி.மீ. கயிறு, கழியின் நீளத்தைவிட 30 செ.மீ. குறைவாக, அரை மணி வேலை, அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பயணத்தில் மகளும் உடன் வந்தாள். அதே தளம், அதே கரையோரப் புல்தரை. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, காற்று அசையவில்லை, விண்மீன்கள் ஏரியிலும் தெரிந்தன. குளிர் கடுமையாக இருந்ததால் மேல்துணியின் இரண்டு காற்றுவாய்களையும் மூடினேன், கதவைத் தரைவரை இழுத்துப் பூட்டினேன், மாலையில் ஏரியில் நனைந்த துண்டுகளை உள்ளே குறுக்குக் கயிற்றில் காயப்போட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. விளக்கை அடித்துப் பார்த்தேன். மேல்துணியின் உட்புறம் முழுவதும் பொடிப்பொடியாக நீர், விரலால் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோட்டின் அடியில் நீர் திரண்டு வழிந்தது. பசை விட்டுவிட்டது என்று நான் தையல் தையலாகத் தடவிக்கொண்டிருந்தபோது, உறக்கப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய மகள், “அப்பா, மழையே பெய்யலையே, அப்புறம் எப்படி ஒழுகும்?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஈரத்தைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். தையல்கள் இருந்த இடமும் இல்லாத இடமும் ஒரே அளவில் நனைந்திருந்தன. ஒழுகல் என்றால் ஒரு புள்ளியில் தொடங்கும். இது துணி முழுதும் ஒருசேர வியர்த்திருந்தது. ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் நீர் மட்டும் ஏறத்தாழ கால் லிட்டர். நாங்கள் இருவர், போதாக்குறைக்கு ஈரத் துண்டுகள். மேகமற்ற இரவில் மேல்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதன்மேல் உள்ளிருக்கும் ஈரக்காற்று பட்டால் நீராகப் படிவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றுவாய்களை மூடியதால் அந்த ஈரம் போக இடமில்லாமல் போயிற்று.

என்னிடம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று இருந்தது. தூக்கம் எப்படியும் போய்விட்டதால் இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தோம். விலை குறைந்த கருவி என்பதால் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் எண் நிலைக்கும். கூடாரத்தின் அருகே 5.8 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 97 விழுக்காடு. சரிவில் ஏறி, மரங்கள் தொடங்கும் இடத்தில் 7.1 டிகிரி, 91 விழுக்காடு. இன்னும் மேலே, கரையிலிருந்து எழுபது மீட்டர் போலத் தள்ளி, ஏரி மட்டத்தைவிட எட்டு மீட்டர் உயரத்தில், கிளைகள் வானத்தை மறைத்த ஒரு சிறு மேடையில் 8.6 டிகிரி, 82 விழுக்காடு. அங்கே நின்றபோது குளிரின் கடுமை குறைந்தது கன்னத்திலேயே தெரிந்தது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளிலிருந்து நீர்போல் வழிந்து இறங்கி, பள்ளத்தில், அதாவது ஏரிக்கரையில், தேங்குகிறது. அழகான இடம் என்று நான் தேர்ந்தெடுத்தது அந்தப் பள்ளத்தாக்கின் ஆகக் குளிர்ந்த, ஆக ஈரமான மூலையை.

தவிரவும், காட்டு முகாம்களில் நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடிப்பது பரவலாக வற்புறுத்தப்படும் வழக்கம். கரைத் தாவரங்கள் மிதிபடாமலும், நீர் அருந்த வரும் விலங்குகளின் வழி மறிபடாமலும் இருக்கச் சொல்லப்படுவது அது. அந்த வழக்கத்தை மதித்திருந்தாலே என் சிக்கலில் பாதி தீர்ந்திருக்கும் என்பதை எண்ணி வெட்கப்பட்டேன்.

மூன்றாவது பயணத்துக்கு முன் செய்த மாற்றங்களுக்குப் பணம் ஏதும் ஆகவில்லை எனலாம். முதலாவது தார்ப்பாய். முதல் பயணத்தில் மெத்தையின் அடியில் இருந்த நீரில் பெரும்பங்கு இதனால்தான் வந்திருக்க வேண்டும்: மேல்துணியில் வழிந்த மழை, நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயின் விளிம்பில் விழுந்து, தாம்பாளத்தில் பிடித்ததுபோல் கூடாரத்தின் அடியில் சேர்ந்திருக்கிறது. கூடாரத்தின் தரையைத் தார்ப்பாயின் மேல் வைத்து, சுற்றிலும் 5 செ.மீ. உள்ளடங்கும்படி சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு வெட்டினேன்.

இரண்டாவது, மேல்துணிக்கும் உள்கூடாரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி. நைலான் ஈரமானால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய மேல்துணி நள்ளிரவில் தொய்ந்து உள்கூடாரத்தைத் தொட்டுவிடும், தொட்ட இடத்தில் படிந்த நீர் உள்ளே இறங்கிவிடும். வீட்டில் நனைத்து அளந்தபோது காய்ந்த நிலையில் 7 செ.மீ. இருந்த இடைவெளி, இருபது நிமிடத்தில் 2 செ.மீ. ஆகச் சுருங்கியது. பக்கவாட்டில் பயன்படுத்தாமல் விட்டிருந்த இரண்டு காதுப்பட்டைகளில் கயிறு கட்டி வெளிநோக்கி இழுத்ததும், நனைந்த நிலையிலும் 6 செ.மீ. நின்றது. கயிறுகளின் நுனியில், கையால் தள்ளினால் நகர்ந்தும் கயிறு இழுபட்டால் இறுகியும் நிற்கும் முடிச்சைப் போட்டுக்கொண்டேன். படுக்கப் போகுமுன் ஒருமுறை சுற்றி வந்து எல்லாவற்றையும் இறுக்க இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாவது, காற்றுவாய்கள். அவை தாமாக மூடிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஒரு சாண் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தேன். மேல்துணியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் நிற்குமாறு முளைக்கயிறுகளை நீட்டினேன். குளிர் அதிகம் உள்ளே வரும் என்று மகள் வாதிட்டாள். வரத்தான் செய்யும், அதற்கு இன்னொரு கம்பளிச் சட்டை போதும், நனைந்த உறக்கப்பைக்கு மருந்தில்லை.

சென்ற வாரம் அந்த மேடையிலேயே கூடாரம் அடித்தோம். அடிப்பதற்கு முன் அண்ணாந்து பார்ப்பதில் கால் மணி நேரம் செலவிட்டேன். மரத்தின் கீழ் தங்குவதில் உள்ள பெரிய ஆபத்து காய்ந்த கிளைகளும் பட்டுப்போய் நிற்கும் மரங்களும்தான். நாங்கள் முதலில் குறித்த இடத்துக்கு மேலேயே, முறிந்து இன்னொரு கிளையில் சிக்கித் தொங்கிய ஒரு தடித்த கொம்பு இருந்ததால் ஆறு மீட்டர் நகர்ந்தோம். மேடையின் மண் சருகு மக்கிப் பொலபொலவென்று இருந்தது, 15 செ.மீ. முளைகள் இரண்டு கையோடு வந்துவிட்டன. அவற்றைக் கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடித்து, மேலே தலையளவு கல்லை வைத்தேன். அடுத்த முறை 23 செ.மீ. முளைகள் நான்கு எடுத்துப்போவேன்.

முதல் இரவு தெளிவான வானம். காலையில் மேல்துணியின் உட்புறத்தில் உச்சிப் பகுதியில் மட்டும் மெல்லிய பனிப்படலம், ஒரு கைக்குட்டையால் துடைத்துவிடும் அளவு. உள்கூடாரமும் தரையும் காய்ந்திருந்தன. இரண்டாம் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் மழை. நான் படுத்தபடியே காதுப்பட்டைத் தையல்களில் விளக்கை அடித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கசியவில்லை. மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டுவதை நிறுத்தவில்லை. மேல்துணிமேல் விடியும்வரை ‘டப்டப்’பென்ற ஓசை. மரத்தடிக்கு அது ஒரு குறைதான், உறக்கம் மெலிந்தவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஸ்பாஞ்ச் பிழிந்து எடுத்த அந்த 20 மி.லி.யும் கதவோரத்தில்தான் கிடைத்தது. இரவில் மகள் வெளியே போய்வந்த செருப்பின் தடத்தோடு.

மறுபடி முதலிலிருந்து செய்ய நேர்ந்தால், பசைக்குழாயைத் தொடும் முன் அந்த உள்ளங்கைக் கருவியோடு தளத்தைச் சுற்றி நடப்பேன். தையல்களை அடைத்தது தேவையான வேலைதான், அதில் ஐயமில்லை. தரைத்துணிக்கு முழுப் பூச்சுப் பூசியது மட்டும் வெறும் ஆர்வக்கோளாறு. அங்கே பழைய பூச்சு சிதையவே இல்லை, நன்றாக இருந்ததை நானே உரித்து மீண்டும் பூசியிருக்கிறேன். எடை கூடியதும் ஒரு முழு நாள் போனதும்தான் மிச்சம். கூடாரத்தை இப்போது பையில் திணிக்காமல், முற்றிலும் காயவைத்து, ஒரு பெரிய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

இடப்பக்கக் கதவின் ஜிப் இன்னும் பாக்கி. ஓட்டி முன்னே போனாலும் பின்னால் பற்கள் வாய் பிளக்கின்றன. ஓட்டியின் இரு பக்கங்களையும் இடுக்கியால் மெல்ல நெரித்ததில் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் தாங்கியது; இரண்டாம் நாள் மாலை மீண்டும் ஒருமுறை பிளந்தது. மாற்று ஓட்டிக்கு அளவு பார்த்தபோது அதன் முதுகில் 8 என்று பொறித்திருந்தது.